நிறுவல் தேடின மனிசன்

அவருக்குக் கதிரை போட்டுக் குடுக்கிறது வீண் வேலை. புளியந்தீவில நான் வேலைக்கு நிண்ட கொமினிகேசன் கடையில, போட்டோ கொப்பிக்கு வாற ஆக்கள் இருக்கட்டும் எண்டு ரெண்டு பிளாஸ்ரிக் கதிரை கிடந்தது. எல்லாரும் இருப்பாங்க. இவர் மட்டும் நிப்பார். நிக்கிறதும் ஒழுங்கா இல்ல. ஒரு கால மாத்தி மற்றக் கால ஊண்டுவார், வாசலுக்குப் போய் ரோட்டப் பாப்பார், திரும்பி வந்து மிசின் தள்ளுற தாள ஒவ்வொண்டா இழுத்து, சூடு ஆற முதல் வாசிக்கத் தொடங்கிருவார். "கொஞ்சம் பொறுங்க, தாள் இறுகிரும்" எண்டு எத்தின தரம் கத்தியிருப்பன். கேட்டாத்தானே. இந்த மனிசனத்தான் நான் கலியாணம் முடிக்க இருந்த. அது நடக்காமப் போனதுக்கும் இந்தப் பொறுமை கெட்ட குணந்தான் காரணம், அதனால கொஞ்சம் கோபமாத்தான் சொல்லுவன், குறை நினைக்காதீங்க.

முதல் நாள் வந்த நேரம் ஏதோ சோதினை எடுக்கிற ஆள் எண்டு நினைச்சன். போனில இருந்து ஒரு குவியல் பைல் அனுப்பிப்போட்டு, "ஒரு பக்கம் மட்டும் அடியுங்க, மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கட்டும்" எண்டார். பாத்தா முழுக்கக் கணக்கு. முக்கோணம், வட்டம், அம்புக்குறி, அங்கங்க இங்கிலிசில ரெண்டு சொல்லு.

"என்ன பாடம் இது?"

"பாடம் இல்ல. நிறுவல்."

பள்ளிக்கூடத்தில எழுதுவமே, தரவு இன்னது, நிறுவ வேண்டியது இன்னது எண்டு தலைப்புப் போட்டு, கடைசியில 'எனவே' எண்டு முடிக்கிறது, அதுதான். அந்தப் பாடத்துக்குப் பயந்துதான் நான் கலைப்பிரிவுக்கு ஓடினவள். அது என்னத் தேடிக் கடைக்கே வந்திற்று.

அவருக்கு ஒரு ஹாட்வெயார் கடையில பில் போடுற வேலை. வேலை முடிஞ்சு போனத் திறந்தாரெண்டா வேற சோலி இல்ல. உலகத்தில எங்கயோ ஒரு மூலையில, ஆரோ ஒருவர் தன்ட பாட்டில எழுதிப் போட்ட நிறுவல்களத் தேடித் தேடி எடுப்பார். சிலது கேள்வி பதில் போடுற பக்கங்களில கிடக்கும். சிலது பழைய புத்தகத்தப் படம் பிடிச்சு ஏத்தினது. ஒரு தரம் ரஷ்யன் பாசையில ஒண்டு வந்தது. பாசை தெரியாம என்னத்த வாசிக்கிறீங்க எண்டு கேட்டன். "கணக்குத் தெரியுதே. நடுவில கிடக்கிற சொல்லு எப்பிடியும் 'ஆகவே'தான்" எண்டு சொல்லிப்போட்டு அந்தத் தாளையும் தோளில கிடந்த பாக்குக்குள்ள வச்சார்.

பைதகரசின் தேற்றத்துக்கு மட்டும் ஒரு பாக் நிறைய வச்சிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"ஒரு தரம் நிறுவினாக் காணாதா? உண்மை எண்டு தெரிஞ்ச பிறகும் மறுகா மறுகா என்னத்துக்கு?"

"உண்மைக்கு ஒண்டு காணும். எனக்குக் காணாது," எண்டார். "ஒரு வழியால மட்டும் போய் வந்தா அந்த வீடு தெரியும். ஊர் தெரியாது."

வெளிநாட்டுக்காரன் ஒருவன் தன்ட நிறுவலில ஒரு இடத்தில 'இது தெளிவு' எண்டு எழுதிப்போட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தானாம். 'ஆருக்குத் தெளிவு?' எண்டு இவர் அவனுக்கே எழுதிக் கேட்டுப்போட்டார். அவன் பதில் எழுதுமட்டும் இவருக்குச் சோறு இறங்கல்ல. கடைக்கு வாறதும், போனப் பாக்கிறதும், வாசலுக்குப் போறதும், திரும்பி வாறதுமா என்னையும் சேத்து அந்தரப்படுத்தினார். பதில் வந்த நேரம் அவரவிட எனக்குத்தான் பெரிய ஆறுதல்.

வாயத் திறந்தா "எப்பிடித் தெரியும்?" நாளைக்கு மழை எண்டா, எப்பிடித் தெரியும். இந்தக் கிழமை சந்தையில றால் மலியும் எண்டா, எப்பிடித் தெரியும். எங்கட ஒழுங்கையில ஒரு செத்த வீட்டுக்கு அவரும் வந்திருந்தார். அங்க ஒரு பெரியவர், "தங்கமான மனிசன், நேராச் சொர்க்கத்துக்குத்தான் போயிருப்பார்" எண்டு சொல்ல, இவருக்கு வாய் துடிக்கிறத நான் பொம்புளயள் பக்கத்தில இருந்து கண்டுபோட்டன். கண்ணால ஒரு வெருட்டு வெருட்டினன். அடக்கிக்கொண்டார். ஆனா அந்தக் கேள்வி அவர்ர நெஞ்சுக்குள்ள கிடந்து குதிச்சது முகத்தில தெரிஞ்சது.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் இல்ல, மிசின் ஓடல்ல. வறுத்த கச்சான் கடலைச் சுருள் ஒண்டோட வந்து நிண்டவர், திடீரெண்டு கண்ணாடி மேசையில ஒரு கச்சான வச்சார். "ஒண்டு." அதோட ஒட்டி மூண்டு வச்சார். நாலும் சேந்து சதுரமா நிண்டது. அந்தச் சதுரத்துக்கு ரெண்டு பக்கத்தாலயும் அணைச்சு அஞ்சு வச்சார். இப்ப ஒன்பது, அதுவும் சதுரம்.

"ஒண்டில இருந்து தொடங்கி ஒற்றை எண்கள வரிசையாக் கூட்டிக்கொண்டு போனா எப்பவும் சதுரந்தான் வரும். ஏன் எண்டு இப்ப தெரியுதா?"

உண்மையாகவே தெரிஞ்சது. பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் எனக்கு இப்பிடி வச்சுக் காட்டல்ல. அந்தச் சந்தோசத்தில மூலையில கிடந்த கச்சான எடுத்து வாயில போட்டு, "இப்ப?" எண்டன்.

"இப்ப நிறுவல் போச்சு. நீங்க சாப்பிட்டிட்டீங்க."

அவர் சிரிச்சு நான் கண்டது அண்டைக்குத்தான் முதல். எனக்கு அவரில விருப்பம் வந்ததும் அண்டைக்குத்தான். மறைக்க என்ன கிடக்கு.

பிழையான நிறுவல்களும் சேப்பார். அதுக்கு ஒரு பச்சைப் பாக் வேறயா இருந்தது. ஒண்டும் ரெண்டும் சமன் எண்டு காட்டுறது, எல்லா முக்கோணமும் ஒரே சாதி எண்டு காட்டுறது, இப்பிடிப் பகிடியானதுகள். அதுகளில எந்த வரியில பிழை கிடக்கு எண்டு பென்சிலால சுழிச்சு வச்சிருப்பார். தான் விட்ட பிழையள எண்டா அவரால வச்சிருக்க ஏலாது. உடனே போய்ச் சொல்ல வேணும்.

காத்தான்குடியில ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா எண்டுதான் கூப்பிடுறது, வீடு கட்டினார். அறைக்கு எத்தின ரைல்ஸ் வேணும் எண்டு இவர்தான் கடையில கணக்குப் பாத்துக் குடுத்த. கன நாளைக்குப் பிறகு இவருக்கு மூளையில பட்டிருக்கு, அந்த அறையில ஒரு மூலை சரிவு, அத நேர் மூலை எண்டு எடுத்துப்போட்டன் எண்டு. சைக்கிள எடுத்து மிதிச்சுப் போயிற்றார். காக்கா வாசலில நிண்டு கேட்டுப்போட்டு, "ரைல்ஸும் பதிச்சு, ஆக்களுக்குச் சோறும் குடுத்து, குடிபூந்தும் ஆச்சு தம்பி. தரை வடிவாத்தான் கிடக்கு. இத இப்ப என்னத்துக்குச் சொல்லுறீங்க?" எண்டாராம்.

"பிழை எண்டு தெரிஞ்சிற்று. அதுதான்," எண்டாராம் இவர்.

அந்த நல்ல மனிசன் பிளேன்ரீ குடுத்து அனுப்பியிருக்கார். இவரும் இத ஒரு பெருமையா வந்து என்னட்டச் சொல்லுறார். நான் தலையில அடிச்சுக்கொண்டன்.

வீட்டில கலியாணக் கதை தொடங்கினது நான் வாயத் திறந்துதான். அப்பா இல்ல, கூடப்பிறந்த ஆக்களும் இல்ல, நானும் அம்மாவுந்தான். அம்மா ஆளப் பாக்க வேணும் எண்டா. வந்தார். எங்கட வீட்டிலயும் இருக்கல்ல, முத்தத்தில உலாத்திக்கொண்டு தேத்தண்ணி குடிச்சார். அம்மாவுக்குப் பிடிச்சிற்று. "வெத்துப் பேச்சு இல்லாத பொடியன்" எண்டா. அவர் அம்மாவ மாமி எண்டு கூப்பிட்டார். என்ன மச்சாள் எண்டு கூப்பிடத் தொடங்கினார். அது வரைக்கும் என்ன ஒரு முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அந்தச் சொல்லு கடைக்குள்ள முதல் தரம் விழுந்த அண்டைக்கு நான் ஒரு ஆளுக்குக் கேட்டதுக்கு மேலால ரெட்டிப்பாக் கொப்பி அடிச்சுக் குடுத்துப்போட்டன்.

எல்லாம் சரியாப் போற நேரத்தில அம்மா ஒரு கேள்வி கேட்டா. கேக்க வேண்டிய கேள்விதான், எங்கட பக்கத்தில கேக்காம ஒருத்தரும் விட மாட்டாங்க. "தம்பி என்ன குடி?"

எங்கட ஆக்களுக்குக் குடி, வம்சம் மாதிரி, தாயாலதான் வாறது. தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி, தகப்பன்ட குடி ஒட்டாது. ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல. அவங்க அண்ணன் தங்கச்சி முறை. இவருக்குத் தாய் சின்ன வயசிலயே தவறிப்போயிற்றா, வளத்தது திருகோணமலைப் பக்கத்துத் தகப்பன். அதனால தெரியாது எண்டார். அம்மா பெரிசா ஒண்டும் கேக்கல்ல. "எதுக்கும் ஆரிட்டயும் கேட்டு ஒரு சொல்லுச் சொல்லிருங்க மகன், நாளைக்கு ஆக்கள் கேட்டா நானும் வாயத் திறக்க வேணுமே" எண்டா, அவ்வளவுதான்.

ஒரு சொல்லு. வேற ஆள் எண்டா அந்த முத்தத்திலயே சொல்லியிருப்பான்.

இவர் நிறுவத் தொடங்கிற்றார். தன்ட அம்மா ஆர், அவட அம்மா ஆர், அவட அம்மா ஆர் எண்டு ஒவ்வொரு படியாப் போக வேணுமாம். லீவு கிடைக்கிற நாளெல்லாம் படகுப் பாதையில வாவியக் கடந்து, தாய்ட ஊர் கிடந்த படுவான்கரைக்குப் போனார். சொந்தக்காரர் கன பேர் செத்துப்போயிற்றாங்க, சில பேர் சண்டைக் காலத்தில இடம்பெயந்து போனவங்க. அதனால ஆக்கள விட்டுப்போட்டு வீடுகளப் பிடிச்சார். அது நல்ல யோசினைதான், இல்லையெண்டு சொல்ல மாட்டன். எங்கட பக்கத்தில வீடு மகளுக்குத்தான் போகும். மகளுக்குக் கலியாணம் எண்டா தாய் வீட்டச் சீதனமாக் குடுப்பா, மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். எந்த வீடு ஆரிட்ட இருந்து ஆருக்குப் போனது எண்டு கேட்டுக்கொண்டு போனா தாய்வழி தன்ட பாட்டில வந்திரும் எண்டு கணக்குப் போட்டார்.

ஒவ்வொரு தரமும் நேராக் கடைக்கு வந்து நிண்டுகொண்டே சொல்லுவார். "அம்மாட வீடு கண்டுபிடிச்சாச்சு மச்சாள்." "அம்மம்மாட வீடும் சரி. அவவுக்கு அந்த வீட்டக் குடுத்தவ ஆர் எண்டு பாத்தா முடிஞ்சிரும்." எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருக்கும், ஒரு பக்கம் இது எங்க போய் முடியுமோ எண்டு இருக்கும்.

"வேற குடி எண்டு சொல்லிற்று விடுங்களன்," எண்டன் ஒருநாள்.

"சொல்லத்தானே போறன். பாத்திட்டுச் சொல்லுறன்."

வேற குடியாத்தான் வரும் எண்டு அவர் உண்மையாகவே நம்பினார். எத்தினையோ குடி கிடக்கு, எங்கட குடியிலயே வந்து விழும் எண்டு ஆர் நினைச்ச.

ஒரு பின்னேரம் எங்கட வீட்டுப் படலையத் திறந்துகொண்டு வந்தார். அம்மா முத்தத்தில சுளகில அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தா. நான் கிணத்தடியில இருந்து ஓடி வாறன். அண்டைக்கு அவர் உலாத்தல்ல. ஒரு இடத்தில நிண்டார். நிண்டு,

"சின்னம்மா," எண்டார்.

அம்மாட கை சுளகோட அப்பிடியே நிண்டிற்று. மாமி எண்டு கூப்பிட்ட வாய் சின்னம்மா எண்டு கூப்பிட்டா, தாய்க்குத் தங்கச்சி முறை எண்டு அர்த்தம், ஒரே குடி எண்டு அர்த்தம். மிச்சத்த அவர் சொல்லத் தேவையே இல்ல. எண்டாலும் சொன்னார். படி படியாச் சொன்னார். அம்மா, அம்மம்மா, அம்மம்மாவுக்கு வீடு குடுத்த தாய். அந்தத் தாய் எந்தக் குடி எண்டு கோயிலில ரெண்டு பேரிட்டக் கேட்டதையும் சொன்னார்.

அம்மா சுளகக் கீழ வச்சா. மறுகா மெல்லமாச் சொன்னா. "நீ வேற குடி எண்டு சொல்லியிருந்தா நான் மேற்கொண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்க மாட்டன் மகன். உன்ட வாயால வாற சொல்லுக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்த. இப்ப சொல்லிப்போட்டாய். கேட்ட காத என்ன செய்ய."

படலையடியில நான் அவர மறிச்சன். எனக்கு அழுகையும் வந்தது, அவருக்கு ரெண்டு அறையவும் வேணும் போல இருந்தது.

"ஒரு சொல்லு மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். மறுகா உங்கட அம்மா என்ன மருமகன் எண்டு கூப்பிடக்குள்ள ஒவ்வொரு தரமும் நான் எங்க போய் ஒளிக்கிற?" எண்டார். "எனக்குக் குடி ஒரு பிரச்சினையும் இல்ல. பதிவுக் கலியாணத்துக்கு எப்ப எண்டாலும் நான் வாறன். ஆனா அவ கேட்ட கேள்விக்கு மறுமொழி ஒண்டு கிடக்கு, அத மாத்தச் சொல்லாதீங்க."

பதிவுக்கு வாறாராம். அம்மாவ ஆரிட்ட விட்டுப்போட்டு நான் போற? அண்டு ராவு அம்மா சாப்பிடல்ல, அடுத்த நாளும் சாப்பிடல்ல. வேணாம் எண்டு ஒரு வார்த்தை சொல்லல்ல, சாப்பிடாம இருந்தா, அவ்வளவுதான். நான் சோத்தப் போட்டுக்கொண்டு போய் அவவுக்குப் பக்கத்தில இருந்து, "சரி, இந்தக் கலியாணம் இல்ல" எண்டன். அதுக்குப் பிறகுதான் கைய நனைச்சா.

அவர் வாகரைப் பக்கம் வேலை எடுத்துக்கொண்டு போயிற்றார் எண்டு கேள்விப்பட்டன். கடையில மிசின் மட்டும் ஓடிச்சு. எனக்கும் வீட்டில மாப்பிள்ளை பாத்தாங்க. வேற குடி, தாயும் தகப்பனும் இருந்து சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. என்ட மனிசன் நல்ல மனிசன், அதில ஒரு குறையும் சொல்ல மாட்டன். கதிரையில இருந்து ஆறுதலாச் சாப்பிடுற ஆள். மகள் இப்ப பள்ளிக்கூடம் போறாள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், நான் முத்தத்தில மீன் வெட்டிக்கொண்டிருக்கிறன். அம்மா பக்கத்தில இருந்து வெங்காயம் உரிக்கிறா. என்ட மனிசன் அங்கால மோட்டச்சைக்கிளக் கழுவிக்கொண்டு நிக்கிறார். போன் சத்தம் போட்டிச்சு. தெரியாத நம்பரில இருந்து குரல் பதிவு. ஈரக் கையத் துடைச்சுப்போட்டுக் காதில வச்சன். மூச்சு வாங்கிற சத்தம் முதல்ல வந்தது. நடந்துகொண்டுதான் கதைக்கிறார் எண்டு உடனே விளங்கிற்று.

"மச்சாள், நான்தான். உங்கட அம்மாட்ட நான் சொன்னது பிழை. எங்கட அம்மம்மாவுக்கு அந்த வீட்டக் குடுத்தவ பெத்த தாய் இல்ல. அம்மம்மா கதிரவெளியில பிறந்தவ, கைப்பிள்ளையில கொண்டு வந்து வளத்திருக்காங்க. வளத்தவவுக்குப் பொம்புளப் பிள்ளை இல்ல, அதனால வீட்ட இவவுக்கே குடுத்திருக்கா. வளப்புப் பிள்ளை எண்டு ஊருக்கு ஒருத்தரும் சொல்லல்ல. வீடு வந்த வழிதான் வயிறும் வந்த வழி எண்டு நான் எடுத்துக்கொண்டன், அந்த ஒரு இடத்தில மட்டும் நிண்டு கேக்கல்ல. இஞ்ச கதிரவெளியில ஒரு செத்த வீட்டில, ஒரு வயசான அம்மா என்ட முகத்தப் பாத்துக் கண்டுபிடிச்சா. மறுகா மூண்டு பேரிட்ட வேற வேறயா விசாரிச்சிற்றன். சரிதான், அம்மம்மாவப் பெத்தவ வேற குடி. நாங்க ஒரே குடி இல்ல மச்சாள். உங்களுக்குச் சொல்ல வேணும். அம்மாவுக்கும் சொல்லுங்க."

ஒரு தரந்தான் கேட்டன். மீன் தட்டுக்குள்ள கிடந்தது, காகம் ஒண்டு மதிலில வந்து இருந்தது. நான் அதக் கலைக்கல்ல.

"ஆர் புள்ள?" எண்டா அம்மா.

மறைச்சிருக்கலாம். எனக்கு வந்த கோபத்தில மறைக்கத் தோணல்ல. "அவர்தான். கணக்குப் பிழைச்சிற்றாம். அவர்ர அம்மம்மா வளப்புப் பிள்ளையாம். ஒரே குடி இல்லயாம்."

அம்மா வெங்காயத்த விட்டுப்போட்டு என்ட முகத்தப் பாத்தா. திரும்பி மோட்டச்சைக்கிள் கழுவுற பக்கம் பாத்தா.

"மெல்லக் கதை புள்ள," எண்டா. "மருமகன் நிக்கிறார்."

அதுக்குப் பிறகு அவ வெங்காயம் உரிச்ச. கண்ணைத் துடைச்சா, வெங்காயந்தானே, ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது.

எனக்குத்தான் நெஞ்சு ஆறல்ல. எத்தினையோ வரியப் பென்சிலால சுழிச்ச மனிசன், என்ட வாழ்க்கை கிடந்த ஒரு வரிய வடிவாப் பாக்கல்ல. பாக்காமப் போனது போகட்டும், அத இப்ப என்ட மடியில கொண்டு வந்து ஏன் போடுற? மகள் உள்ளுக்குள்ள இருந்து அம்மா அம்மா எண்டு கூப்பிடுறாள். இந்தப் பிள்ளைய வச்சுக்கொண்டு அந்த உண்மைய நான் எங்க வைக்கிற? எண்டாலும் அவர் சொல்லாம விட்டிருந்தா, எங்கயோ ஒரு இடத்தில அவருக்கு மட்டும் அது தெரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாது. அத நினைக்க அதவிடக் கோபம் வருது.

வீட்டுக்குப் பின்னால போய், போன வாய்க்குக் கிட்டப் பிடிச்சுச் சொன்னன். "கேட்டன். இதுலயும் ஒரு பிழை கிடக்கு எண்டு இனி எப்பயாச்சும் கண்டுபிடிச்சா, எனக்குச் சொல்ல வேணாம்."

அனுப்பினன். கேட்டிற்றார், நீலச் சரி ரெண்டும் விழுந்திற்று. மறுமொழி வரல்ல. இண்டு வரைக்கும் வரல்ல. அந்த நம்பர அழிச்சுப்போட்டு நிம்மதியா இருப்பம் எண்டு எத்தினையோ தரம் போன எடுத்திற்றன். அழிக்கக் கை வருதில்ல.